தேடுபொறியில் சொல்லின் எடை: லூசீன் ‘பேலோடு’ முறை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மின்னூல் தொகுப்பில் ஒரு சொல்லைத் தேடுவோர் பெரும்பாலும் முதலில் தோன்றும் முடிவுகளையே சான்றாகக் கொள்கின்றனர். அவ்வரிசையைத் தீர்மானிப்பது பொருத்த மதிப்பெண். டக் கட்டிங் 1999இல் உருவாக்கிய லூசீன் என்னும் திறந்தமூலத் தேடல் நிரலகம் இன்று இயல்பாகப் பி.எம்.25 வாய்பாட்டைக் கையாள்கிறது. ஆவணத்தில் சொல் பயிலும் எண்ணிக்கை, தொகுப்பில் அதன் அருமை, ஆவணத்தின் நீளம் ஆகியவற்றை அது கணக்கிடும். சொல் எத்தன்மையில் நிற்கிறது என்பதை அறியாது. இக்குறையை ஈடுசெய்வது ‘பேலோடு’ முறை.

முறையும் பயனும்

அடைவு உருவாக்கும்போது சொல்லின் ஒவ்வொரு வருகையோடும் சில பைட் அளவு தரவை இணைக்கலாம்; தேடும்போது அதைப் படித்து மதிப்பெண்ணை மாற்றலாம். குறளும் பரிமேலழகர் உரையும் ஒரே ஆவணமாக அமைந்த தொகுப்பில், ‘அறம்’ மூலத்தில் வந்தால் 3, உரையில் வந்தால் 1 எனக் குறிக்கலாம். உரையில் மட்டும் அச்சொல் மிகுந்துவரும் ஆவணம் முந்துவது இதனால் குறையும்.

சிக்கல்கள்

முதலாவது, 3 என்பது தரவன்று, தொகுப்பாளரின் தீர்ப்பு. உரைமரபை ஆராய்வோருக்கு இவ்வரிசை தலைகீழானது. எண் அடைவிலேயே பதிந்துவிட்டால், அதை மாற்றத் தொகுப்பை மீண்டும் அடைவுபடுத்த வேண்டும். ‘மூலம்’, ‘உரை’ என்னும் வகைக்குறியை மட்டும் பதிந்து, எடையைத் தேடும் வேளையில் வழங்கினால் இத்தடை நீங்கும். லூசீன் இதற்கு இடந்தருகிறது.

இரண்டாவது, பேலோடு சொல்லின் அருமைக் கணக்கைத் தொடுவதில்லை. ‘படி’ பெயராகவும் வினையாகவும் வரும். சொல்வகையைப் பேலோடாக இட்டாலும், இரண்டும் அடைவில் ஒரே சொல்லாதலால் அவை வரும் ஆவணங்கள் சேர்த்தே எண்ணப்படும். பெயர்ச்சொல் அரிதாகவும் வினைச்சொல் மலிந்தும் வரும் தொகுப்பில், அரிய பெயருக்கும் மலிந்த வினையின் தாழ்ந்த மதிப்பே கிட்டும். இங்குத் தேவை எடையன்று. தனித்தனி அடைவுச் சொற்கள்.

மூன்றாவது, புணர்ச்சி. ‘பொற்குடம்’ என்பதைப் பிரித்துப் ‘பொன்’ என அடைவுபடுத்தினால், ஏட்டில் அவ்வடிவில் இல்லாத சொல் சான்றாகிறது. எழுத்தில் உள்ளதா, பிரித்துப் பெறப்பட்டதா என்பதைப் பேலோடில் குறிப்பது தமிழுக்கு இம்முறையின் சிறந்த பயன்பாடாகும்.

முடிவுரை

பேலோடில் இடவேண்டியது சொல்லைப் பற்றிய விவரமே, மதிப்பன்று. மதிப்பு ஆய்வு வினாவைச் சார்ந்தது. எடையிட்ட தொகுப்புகள் தம் எடைகளை வெளிப்படையாக அறிவிக்காதவரை, அவற்றின் முடிவு வரிசையைச் சொல்லாட்சிக்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.