தேய்த்து மெழுகிய படங்கள்

பழைய படங்களைச் சேர்த்து வைக்கிறவர்கள் ஒரே படத்துக்குத் திரும்பத் திரும்பப் பணம் கொடுத்தவர்கள். முதலில் வீடியோ கேசட், பிறகு மூன்று தட்டில் விசிடி, பிறகு டிவிடி, பிறகு மூன்று படம் ஒரே தட்டில் அடங்கிய தொகுப்பு, அதன் பிறகு ப்ளூரே. உறையில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சொல் ஏறும்: டிஜிட்டல் ரீமாஸ்டர், 5.1, எச்.டி., இப்போது 4கே. வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் ஆம்பூர் பஜாரிலும் இப்படி ஆசையாக வாங்கி வந்து, போட்டுப் பார்த்து, முன்பு வாங்கியதே இதற்குத் தேவலை என்று பழைய தட்டை மறுபடி எடுத்து வைத்தவர்களில் நானும் ஒருவன். பணம் பெரிய விஷயமில்லை. 2007 வாக்கில் மோசர் பேயர் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் கொடுத்த பிறகு யாரும் விலையைப் பற்றிப் புலம்பவில்லை. மனசு ஆறாதது வேறு காரணத்தால். ஒவ்வொரு மறுவெளியீட்டிலும் நாம் நேசித்த படம் இன்னும் கொஞ்சம் அழிந்து வருகிறது.

இது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்த வட்டாரத்தில் தோல் தெரியாத வீடு குறைவு. தோலைத் தரம் பிரிப்பவர் அதை வெளிச்சத்தில் பிடித்து முதலில் பார்ப்பது மேல்புறத்து நுண்துளைகளைத்தான். மாடு மேய்ந்தபோது முள் கீறியது, உண்ணி கடித்தது, கழுத்துச் சுருக்கம், சூடு போட்ட தழும்பு எல்லாம் அங்கே எழுதியிருக்கும். தோல் நல்லதாக இருந்தால் அந்த மேல்புறத்தைத் தொட மாட்டார்கள். சாயம் ஏற்றி, லேசாக மெருகு கொடுத்து விட்டுவிடுவார்கள். அதுதான் ஃபுல் கிரெய்ன். நல்ல விலையும் அதற்குத்தான். தழும்பு அதிகமென்றால் பஃபிங் மெஷினில் கொடுத்து எமரித் தாளால் மேல்புறத்தைத் தேய்த்து எடுப்பார்கள். மேலே பிக்மென்ட் அடித்து, சூடான தகட்டால் அழுத்தி, தேய்த்துப் போக்கிய நுண்துளைகளைச் செயற்கையாகத் திரும்பப் பதிப்பார்கள். ஷூவாகக் கடையில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும். போட்டு நடக்க ஆரம்பித்தால் மடிப்பு விழும் இடத்தில் பூச்சு வெடிக்கத் தொடங்கும்.

ரீமாஸ்டர் என்ற பெயரில் பல பழைய படங்களுக்கு நடந்தது இதே வேலைதான். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவம் என்பது ஜெலட்டினில் பதிந்த வெள்ளித் துகள்களின் கூட்டம். துகள் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது. துகளால் ஆனதே முகம். அதை அழுக்கு என்று நினைத்து கம்ப்யூட்டரில் தேய்த்தால் பத்மினியின் பட்டுச் சரிகை போகும், ரங்காராவின் மீசையில் மயிர் மயிராகத் தெரிந்தது போகும், நெற்றி வியர்வை போகும். மெழுகில் வார்த்த முகம் மிஞ்சும். பிறகு, மங்கிவிட்டதே என்று கூர்மை ஏற்றுவார்கள். உருவங்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். கடைசியில் செயற்கைத் துகளைத் தூவுகிறவர்களும் உண்டு. தகடு வைத்து அழுத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தோலுக்கும் ஃபிலிமுக்கும் இரத்த சம்பந்தமே இருக்கிறது. படச்சுருளின் ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்பட்டது. ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த ஃபிலிம் ஒளியை நன்றாக வாங்குகிறது, இன்னொரு தொகுதியில் செய்தது வாங்க மறுக்கிறது; ஏன் என்று 1920களில் கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்டு என்ற வேதியியலாளர் தேடினார். விடை கந்தகச் சேர்மங்களில் இருந்தது. மாடு மேய்ந்த கடுகு வகைச் செடிகளிலிருந்து வந்து, தோலில் தங்கி, ஜெலட்டினிலும் தொடர்ந்த சேர்மங்கள் அவை. மாடு எதை மேய்ந்தது என்பது வரைக்கும் திரையின் வெளிச்சத்தில் பங்கு உண்டு. தோல் ஊரில் வளர்ந்தவனுக்கு இதைப் படித்தபோது உண்டான சந்தோஷம் சொல்லி முடியாது.

தேய்க்காமல் விட்ட கறுப்பு வெள்ளை எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' (1954). 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்ததை ஒட்டி நடக்கும் கொலைக் கதை. பாட்டு இல்லை, நடனம் இல்லை. ஜாவர் சீதாராமனின் விசாரணையில் ஒவ்வொருவர் பார்வையிலும் சிவாஜி வேறு வேறு ஆளாகத் தெரிகிறார். பாட்டு இல்லாத குறையை ஈடுகட்டுவது மாருதி ராவின் ஒளிப்பதிவு. அதில் இருட்டு ஒரே நிறம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நிற்கும் இருட்டு கரி. சுவரில் விழும் நிழல் சாம்பல். பாதி முகத்தை மறைக்கும் இருட்டுக்குள் கண் மட்டும் ஈரமாக மின்னும். நல்ல பிரதியில் இந்தப் படிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். விசிடியில் இவை அனைத்தும் ஒரே கறுப்பாகக் குழம்பி, அதற்குள் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் நெளியும். யார் பொய் சொல்கிறார் என்பதை வெளிச்சத்தாலேயே சொல்லும் ஒரு படத்தில் இருட்டைக் கெடுத்தால், கதையைக் கெடுத்த மாதிரிதான்.

எத்தனை முறை வெளியிட்டாலும் ஏன் தேறவில்லை? நெகடிவ் வரைக்கும் யாரும் திரும்பப் போகவில்லை. தொலைக்காட்சிக்காகவும் கேசட்டுக்காகவும் எப்போதோ ஒரு தேய்ந்த பிரிண்டிலிருந்து பீட்டா டேப்பில் ஏற்றியதே விசிடிக்கும் போனது, டிவிடிக்கும் போனது, இன்று 4கே என்றும் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் டிவிடியின் ஒரு பிரேமில் 720 பெருக்கல் 576, சுமார் 4 லட்சத்து 15 ஆயிரம் புள்ளிகள். ப்ளூரேயில் 20 லட்சத்துக்கு மேல். 4கேயில் ஏறக்குறைய 83 லட்சம். பழைய டேப்பை 4கே ஆக்கினால் 20 புள்ளிகளில் 19 கம்ப்யூட்டர் தானாக இட்டு நிரப்பியவை. மாருதி ராவ் எடுத்தது மீதி ஒன்று.

இதைவிடக் கொடுமை சட்டகத்தை வெட்டுவது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்கு முந்தைய நம் படங்களில் பெரும்பாலானவை, உயரம் ஒன்று என்றால் அகலம் 1.37 என்ற கட்டத்துக்குள் யோசித்து எடுக்கப்பட்டவை. அவற்றைச் சினிமாஸ்கோப் அகலத்துக்குக் கொண்டுவர ஒன்று இழுக்க வேண்டும், இல்லை மேலும் கீழும் வெட்ட வேண்டும். வெட்டினால் உயரத்தில் 42 சதவீதம் போய்விடும். எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தை நினைத்துப் பாருங்கள். அரண்மனை முற்றத்தில் வரிசை வரிசையாக ராட்சத முரசுகள், ஒவ்வொன்றின் மேலும் ஆடுகிறவர்கள், கடைசியில் முரசுகளைப் பிளந்துகொண்டு வீரர்கள் பாய்கிறார்கள். அடியில் உள்ள முரசு முதல் தூரத்து மேல் வரிசை வரைக்கும் கண் ஏறி ஏறிப் போவதில்தான் அந்தக் காட்சியின் பிரமாண்டம் இருக்கிறது. மேலும் கீழும் வெட்டினால் ஆட்டம் இருக்கும், அந்த ஏற்றம் இருக்காது. ஜெமினி ஸ்டூடியோ கொட்டிய செலவும் உழைப்பும் வெட்டிய பகுதியோடு போய்விடும்.

பி.ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) 2012 மார்ச்சில் டிஜிட்டலாக மறுபடி திரைக்கு வந்து நூறு நாளைத் தாண்டி ஓடியது. சிவாஜியைத் திரையரங்கில் பார்த்திராத பிள்ளைகள் சீர்காழி கோவிந்தராஜன் பாடும் அந்தக் கடைசிப் பாட்டுக்குக் கண் கலங்கி எழுந்து போனார்கள். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு பழைய படம் என்றாலே அகலமாக்குவது, டிடிஎஸ் ஒலி சேர்ப்பது என்பது வழக்கமாகிவிட்டது. கூட்டம் வந்தது கர்ணனுக்காக. அகலத்துக்காக வந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒலிக்கு வருகிறேன். இதைப் பேசுகிறவர்கள் குறைவு. ஃபிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம் தொலைக்காட்சியின் 'பால்' முறைக்கு 25 வேண்டும். சுலபமான வழி, படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. மூன்று மணி நேரப் படம் இப்படி ஏழு நிமிடம் சுருங்கும். சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடும். சாதாரண வசனப் படத்தில் தெரியாது. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்துக்கு இதைச் செய்தால், சங்கீதம் தெரிந்த காது முதல் நிமிடத்திலேயே சுளிக்கும். நாகஸ்வரத்தின் கனமான அடிக்குரல் மெலிந்து போகும், தவில் அவசரப்படும். ஒரு வாத்தியத்தின் பெருமையைச் சொல்லும் படத்தில் அந்த வாத்தியத்தின் குரலையே மாற்றி விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 5.1 என்று பழைய மோனோ ஒலியைப் பிரித்து, எதிரொலி சேர்த்து, வாள் வீச்சுக்குப் புதுச் சத்தம் ஒட்டுவதும் இதே ரகம். வேண்டியவர்கள் கேட்கட்டும். கூடவே அசல் மோனோவையும் ஒரு தடத்தில் வைத்தால் இடம் அடைத்துவிடாது.

ஆம்பூர், வாணியம்பாடி உருது பேசும் வீடுகளில் இதே வருத்தம் 'முகலே ஆசம்' (1960) படத்தைப் பற்றி இருக்கிறது. கே. ஆசிஃபின் அந்தப் படம் 197 நிமிடம். பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. கண்ணாடி மாளிகையில் மதுபாலா அக்பர் முன்னால் பயமில்லாமல் ஆடும் இடத்தில் வண்ணம் வருகிறது. அடிமைப் பெண் ஒருத்தி சக்கரவர்த்தியை எதிர்த்துப் பாடும் கணத்தில்தான் படத்துக்கே நிறம் ஏறுகிறது. அவள் உருவம் ஆயிரம் கண்ணாடிகளில் ஒரே சமயத்தில் சிதறுகிறது. 2004இல் படம் முழுவதற்கும் வண்ணம் பூசி வெளியிட்டார்கள். பூச்சு வேலை கவனமாகச் செய்ததுதான். ஆனால் முதல் காட்சியிலிருந்தே எல்லாம் வண்ணமாக இருந்தால் அந்தக் கணம் எங்கே இருக்கும்? வண்ணப் பதிப்பைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படி ஒரு கணம் இருந்ததே தெரியாது.

மறுவெளியீடு என்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. குரோசவாவின் 'செவன் சாமுராய்' படத்தை அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1998இல் டிவிடியாகக் கொண்டுவந்தது, 2006இல் மீண்டும், 2010இல் ப்ளூரேயாக, 2024இல் 4கேயாக. அங்கேயும் ரசிகர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் எந்தப் பிரதியிலிருந்து எடுத்தோம், என்ன செய்தோம் என்று உள்ளே எழுதி வைக்கிறார்கள். பணம் கொடுத்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. சத்யஜித் ராயின் அப்பு படங்கள் மூன்றின் நெகடிவும் 1993இல் லண்டன் லேப் ஒன்றில் தீயில் வெந்தன. இத்தாலியின் பொலோனியா நகரத்துக் கைவினைஞர்கள் அந்தச் சுருண்டு கருகிய நெகடிவை ஈரப்படுத்திப் பிரித்து, ஒட்டி, 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதத்தை அசல் நெகடிவிலிருந்தே மீட்டார்கள். 2015இல் அது வந்தபோது துகள் அப்படியே இருந்தது. துர்கா ஓடும் நாணல் பூக்கள் தனித்தனியாக ஆடின. நம் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உதய்சங்கர் எடுத்த 'கல்பனா' (1948) படமும் இதே பொலோனியாவில் மீட்கப்பட்டு 2012இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. அதே காலத்து ஜெமினியில் உருவான 'சந்திரலேகா'வுக்கு அந்த யோகம் வர வேண்டாமா?

சட்டம் இங்கே தடையில்லை. நம் நாட்டில் திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள்தான். 'சந்திரலேகா', 'அந்த நாள்' எப்போதோ அந்த வரம்பைத் தாண்டின. 'கர்ணன்' 2024 முடிவோடு தாண்டிவிட்டது. யாரும் வெளியிடலாம் என்பதால்தான் ஆளுக்கு ஒரு பதிப்பு போடுகிறார்கள். நெகடிவ் யார் கையில், எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டிஜிட்டல் வந்து லேப்கள் மூடியபோது கேட்பாரற்றுக் கிடந்த டப்பாக்கள் எத்தனையோ. வெள்ளிக்காகக் கழுவப்பட்ட கறுப்பு வெள்ளைச் சுருள்கள் திரும்பி வரப் போவதில்லை.

அதனால் பழைய படத்தை மறுபடி வெளியிடப் போகிறவர்களிடம் கேட்பது இதுதான்: எந்தச் சுருளிலிருந்து எடுத்தீர்கள், சட்டகம் முழுதாக இருக்கிறதா, எத்தனை நிமிடம், அசல் மோனோ உண்டா என்று உறையில் அச்சடியுங்கள். துகளைத் தொடாதீர்கள். அப்படி ஒரு 'அந்த நாள்' வந்தால் எங்கள் பக்கத்தில் வாங்க ஆள் இருக்கிறது, எத்தனை முறை வாங்கியிருந்தாலும். வாசகர்களிடம் ஒன்று: டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்களிலும், விழாக்களுக்கு 16 எம்.எம். படம் வாடகைக்கு விட்ட வீடுகளிலும் பரணில் இன்னும் டப்பாக்கள் இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். திறந்தால் வினிகர் வாடை அடித்தால் சுருள் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், இன்னும் அவசரம். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.