ஃபார்மசி ஃபர்ஸ்ட்: அந்த 15 பவுண்டு எதற்கு?

இங்கிலாந்தின் 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டத்தை நம்மாட்கள் சிலர் "மருந்துக்கடையிலேயே வைத்தியம், டாக்டர் வரிசையே வேண்டாம்" என்று புகழ்கிறார்கள். விதிமுறைகளை உட்கார்ந்து படித்தால் கதை கொஞ்சம் வேறு.

2024 ஜனவரி 31இல் தொடங்கியது. மொத்தம் ஏழு நோய்கள்: சைனஸ், தொண்டை வலி, காது வலி, சீழ் வைத்த பூச்சிக்கடி, இம்பெடிகோ என்கிற தோல் புண், அக்கி, பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்த் தொற்று. இவற்றுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் மருந்தாளுநரே ஆன்டிபயாடிக் வரைக்கும் தரலாம். ஆனால் இஷ்டத்துக்கு இல்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃப்ளோசார்ட் இருக்கிறது. சிறுநீர்த் தொற்று என்றால் 16 முதல் 64 வயதுப் பெண்கள் மட்டும், கர்ப்பிணிகள் கூடாது. காது வலி என்றால் 1 முதல் 17 வயது வரை. மற்றவர்கள் டாக்டரிடம் போக வேண்டியதுதான். (கோட் எழுதிப் பிழைப்பவனுக்கு இதெல்லாம் படிக்கவே சுகமாக இருக்கும்.)

எனக்கு முக்கியமாகப் பட்டது காசு வரும் வழி. நோயாளி 'கேட்வே' என்ற கட்டத்தைத் தாண்டினால் கடைக்கு, தொடக்க விகிதப்படி, 15 பவுண்டு. மருந்து கொடுத்தாலும் அதே தொகை, "மருந்து வேண்டாம், தானே சரியாகிவிடும்" என்று அனுப்பினாலும் அதே தொகை. அதாவது விற்காமல் இருப்பதற்கும் கூலி உண்டு. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் இது நடக்காது. அங்கே அட்டை விற்றால்தான் வருமானம், அறிவுரை இலவசம்.

ஓட்டையும் இதே இடத்தில்தான். நேராகக் கடைக்கு வந்து, கால் மணி நேரம் பேசி, கேட்வே தாண்டாமல் திரும்புகிறவருக்குக் கடைக்காரர் செலவழித்த நேரத்துக்குப் பைசா கிடையாது. மாதம் 1000 பவுண்டு தனியாக உண்டு, ஆனால் குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டினால்தான். கூட்டம் வராத கிராமத்துக் கடைதான் இதில் முதலில் அடிபடும். போதாததற்கு, 2019இல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 259.2 கோடி பவுண்டு என்று அடிப்படைத் தொகையை உறைய வைத்துவிட்டார்கள். விலைவாசி ஏறியது, கடைகள் மூடின. கடையே இல்லாத தெருவில் எந்த ஃபர்ஸ்ட்?

சரி, இங்கே கொண்டுவரலாமா? அப்படியே என்றால் வேண்டாம் என்பேன். அங்கே ஏறக்குறைய எல்லோரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்தவர்கள், கடையில் கொடுத்த மருந்தின் விவரம் அந்த டாக்டருக்குப் போய்விடும். இங்கே 2014 முதல் சில வலுவான ஆன்டிபயாடிக்குகளுக்கு ஹெச்1 பதிவேடு கட்டாயம்தான். நோயாளி பெயர், டாக்டர் பெயர் எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைக்க வேண்டும். ஆனால் அந்த நோட்டு கடையிலேயே கிடக்கும். நோயாளியைப் பார்க்கும் அடுத்த டாக்டருக்கு அது தெரியாது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தார்கள். விலை குறைவு, நல்லது. ஆனால் அதோடு நின்றால் அது விலை குறைந்த கடை, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் நோயாளிகளுக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. பட்டியல் அங்கே இருக்கிறது, மருந்தாளுநர் இங்கே இருக்கிறார். ஆன்டிபயாடிக்கில் கை வைக்காமல், மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவருக்கு பிரஷர் பார்த்து, அந்த எண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் வேலையை அந்த மருந்தாளுநரிடம் கொடுக்கலாம். அனுப்பும் ஒவ்வொரு எண்ணுக்கும் கூலி கொடுக்க வேண்டும், மாத்திரை விற்றாரா இல்லையா என்று பார்க்காமல்.