முதற்சந்திப்பில் ஐயமும் அறிவார்வமும்: பேராக்கிலிருந்து ஒரு வாசிப்பு

அயற்கோளினருடனான முதற்சந்திப்பைக் கூறும் அறிவியல் புனைகதைகள் பெரும்பாலும் இருவரை எதிரெதிரே நிறுத்துகின்றன. ஒருவர் வந்தோரை ஐயுறும் படையதிகாரி. மற்றவர் அவர்களை அறிய விழையும் ஆய்வாளர். டெட் சியாங் 1998இல் எழுதிய 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' என்னும் குறுநாவலும், அதனைத் தழுவி 2016இல் வெளிவந்த 'அரைவல்' திரைப்படமும் இவ்வமைப்பினவே. குறுநாவலில், அறியாத மொழியை அதனைப் பேசுவோருடன் உரையாடியே கற்க இயலும் என்கிறார் மொழியியலாளர். நம் மொழியை அவர்கள் கற்றுவிடலாகாது என்பது படையதிகாரியின் கவலை. வாசகர் மனம் ஆய்வாளர் பக்கமே சாய்கிறது. இச்சாய்வு முற்றிலும் ஏற்புடையதன்று என்பது நம் கருத்து.

இதனை விளக்க, நாம் வாழும் பேராக் மாநிலத்தின் வரலாறே போதிய சான்று தருகிறது. இங்குக் காட்டில் வாழும் தெமியார் மக்களுக்குப் புறத்தேயிருந்து சென்றோரே அயலார். தைப்பிங்கிலுள்ள பேராக் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய மானிடவியலாளர் எச்.டி. நூன், அவர்களிடையே தங்கி மொழி கற்று, 1936இல் விரிவான அறிக்கை வெளியிட்டார். அவர்தம் நிலத்துக்கும் வாழ்வுக்கும் காப்பு வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. அதனையொட்டிப் பேராக்கில் 1939இல் பழங்குடியினர் சட்டம் இயற்றப்பெற்றது.

1948 ஜூன் திங்களில் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் ஐரோப்பிய நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட, அவசரகாலம் பிறந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் முள்வேலிக்குள் திரட்டப்பட்ட அக்காலத்தில், காட்டுமக்களும் முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அங்கு நோயுற்றுப் பலர் மாண்டனர். தப்பியோர் கம்யூனிஸ்டுகளை நாடவும் நேர்ந்தது. ஐயமே தான் அஞ்சிய பகையை வளர்த்தது எனலாம்.

அதன்பின் அரசு வழிமாறி, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைத்து அம்மக்களின் நட்பை நாடியது. பழங்குடியினர் துறைக்குத் தலைமையேற்ற ரிச்சர்ட் நூன், மேற்கூறிய மானிடவியலாளரின் இளவல். அவர் காலத்தில், 1956இல், அம்மக்களைக் கொண்டே 'செனோய் பிராக்' என்னும் போர்ப்பிரிவு உருவாக்கப்பட்டது. தமையன் காப்புக்கென வளர்த்த அறிவுத்துறை, தம்பியின் கையில் போருக்கும் பயன்பட்டது.

ஆகவே ஐயமும் அறிவார்வமும் புனைகதைகள் காட்டுமளவு எதிரிகள் அல்ல. ஒன்று தோற்கும்போது மற்றதைக் கருவியாகக் கொள்கிறது. சியாங்கின் மொழியியலாளரும் படையின் அழைப்பில், படையின் பாதுகாப்பில் நின்றே மொழி கற்கிறார். அவர் திரட்டும் அறிவு எவர் உடைமை என்னும் வினாவை அக்கதை ஆழ்ந்து கேட்பதில்லை. கதையின் அயற்கோளினர் இறுதியில் தாமே புறப்பட்டுச் செல்கின்றனர். தெமியாருக்கோ செல்ல வேறிடம் இல்லை. சந்திக்கப்படுவோரின் இசைவைக் கேளாத ஆர்வமும் ஒருவகைப் படையெடுப்பே என்பதைத் திறனாய்வாளர் கருத்திற்கொள்ளல் வேண்டும்.