இணைய அகராதிகளில் இலக்கிய மேற்கோள்கள் – ஒரு பார்வை

இணைய அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது அதன் கீழே ஒரு குறளோ சங்கப் பாடல் அடியோ இருந்தால் நமக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த அடி அங்கே எதற்காக இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. அகராதியில் மேற்கோள் அழகுக்காக இடப்படுவது அன்று. 'இச்சொல் இந்தப் பொருளில் இந்த நூலில் ஆளப்பட்டுள்ளது' என்று சொல்லும் சாட்சி அது. சாட்சி தவறினால் பொருளும் தவறிவிடும்.

அச்சு அகராதிகள் காட்டிய வழி

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியராக இருந்து பணியை நிறைவு செய்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அந்த அகராதி ஒரு சொல்லின் பல பொருள்களை எண்ணிட்டுப் பிரிக்கும். இலக்கிய ஆட்சி காட்டும் இடங்களில் நூலின் சுருக்கப் பெயரையும் பாடல் எண்ணையும் உரிய பொருளின் அருகிலேயே தரும். 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு வழியில் சென்றது. இன்றைய உரைநடையில் சொல் எப்படி வழங்குகிறது என்பதை எடுத்துக்காட்டுத் தொடர்களால் அது விளக்கியது. முதலாவது சொல்லின் வரலாற்றைக் காட்டுகிறது, இரண்டாவது இன்றைய வழக்கைக் காட்டுகிறது. இரண்டும் வேண்டியவையே.

2004இல் தொடங்கிய தமிழ் விக்சனரியில் 'பயன்பாடு', 'இலக்கியப் பயன்பாடு' என்று இரண்டுக்கும் இடம் உண்டு. அமைப்பு நல்லது. அதை நிரப்பும் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

பொருள் மாறினால்

ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'கழகம்' என்ற சொல்லுக்கு இணையத்தில் பார்த்துப் பொருள் எழுதி வந்தாள். 'சங்கம், அமைப்பு' என்று எழுதி, அதன் கீழே 'சூது' அதிகாரத்தின் 937ஆம் குறளை எழுதியிருந்தாள். "சார், சங்கத்துல சேர்ந்தா சொத்தும் போயிடும், நல்ல குணமும் போயிடும்னா வள்ளுவர் சொல்றார்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவள் கேள்வியில் பிழை இல்லை. அந்தக் குறளில் கழகம் என்பது சூதாடும் இடம். 'சூதாடும் இடம்' என்ற பொருளின் கீழ் அதே குறள் இருந்திருந்தால், ஒரு சொல் எவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கிறது என்பதை அவள் தானாகவே கண்டிருப்பாள்.

'நாற்றம்' என்ற சொல்லும் இப்படித்தான். 1274ஆம் குறளில் அது மொட்டுக்குள் இருக்கும் நறுமணம். இன்றைய பொருளான கெட்ட வாசனைக்குக் கீழே அந்தக் குறளை இட்டால் காதற் பாடலே கெட்டுவிடும்.

தேடுபொறி சொல்லாதவை

தமிழ்ச் செய்யுளில் சொற்கள் புணர்ந்து நிற்கும். செல்வம் என்ற பொருளில் 'மாடு' வரும் 400ஆம் குறளில் அச்சொல் 'மாடல்ல' என்றே நிற்கிறது. தனிச் சொல்லாகத் தேடினால் அது அகப்படாமல் போகலாம். அகப்பட்டாலும் அது கால்நடையா செல்வமா என்று கணினி சொல்லாது. உரையைப் பார்த்துத்தான் தெளிய வேண்டும்.

ஊர்ப்பெயரிலும் இந்தச் சிக்கல் உண்டு. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள ஊரை இன்று திருமுல்லைவாயல் என்கிறோம். ஏழாம் திருமுறையில் சுந்தரர் பாடிய பதிகத்தில் அது 'முல்லைவாயில்'. 'வாயில்' என்பது 'வாயல்' ஆனதற்கு அப்பதிகம் நல்ல சான்று. ஆனால் இரண்டாம் திருமுறையில் சம்பந்தர் பாடிய திருமுல்லைவாயில் சீர்காழிப் பக்கத்து ஊர். 'தேவாரம்' என்று மட்டும் குறித்துவிட்டால் எந்த ஊர் என்று படிப்பவர் எப்படி அறிவார்?

நாம் செய்யக் கூடியவை

1. ஒவ்வொரு மேற்கோளும் எந்தப் பொருளுக்குச் சான்றோ அந்தப் பொருளின் கீழேயே இருக்க வேண்டும்.

2. நூற்பெயர், பாடல் எண் இரண்டும் வேண்டும். உரைநடை நூலாயின் அத்தியாயமும் பதிப்பு ஆண்டும் வேண்டும்.

3. வேறொரு தளத்திலிருந்து நகல் எடுக்காமல், நூலோடு ஒப்பிட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். பாட வேறுபாடு இருந்தால் எந்தப் பதிப்பு என்று குறிக்க வேண்டும்.

4. நாமே அமைத்த வாக்கியத்தை 'இலக்கியப் பயன்பாடு' என்ற தலைப்பின் கீழ் இடக்கூடாது.

5. அளவு குறைவாக இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். அண்மைக் கால எழுத்தாளரின் பத்தி முழுவதையும் எடுத்து இடுவது முறையன்று. சொல் ஆளப்பட்ட ஒரு தொடரே போதும்.

அச்சு நூலில் ஒரு பிழை நேர்ந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். இணையத்தில் அன்றைக்கே திருத்தலாம். அதே சமயம், திருத்தப்படாத பிழை பத்துத் தளங்களுக்குப் பரவி, கடைசியில் தேர்வுத் தாளில் வந்து நிற்கும். ஆகவே மாணவர்கள் மேற்கோளை எழுதிக்கொள்ளும் முன் மூல நூலை எடுத்து அந்தப் பாடல் எண்ணைப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அகராதியில் திருத்துங்கள், அல்லது உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். உங்களுக்கு அடுத்து வருபவருக்கு அது உதவும்.