ஓய்வும் ஒழுங்கும்: பெக்கம் நிலையம் பற்றிய ஒரு மதிப்பீடு

பொதுமக்கள் தம் ஓய்வு நேரத்தைப் பயனுறக் கழிப்பதற்கென ஓர் இடம் அமைக்க எண்ணுவோர் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே என்னென்ன வசதிகள் இருக்கும்?" என்பதேயாகும். நீச்சற் குளம் உண்டா, நாடக மேடை உண்டா, பந்தாடக் களம் உண்டா எனப் பட்டியல் எழுதுவர். பட்டியல் நீண்டால் நிலையம் சிறந்தது என்பர். அடுத்து எழும் கேள்வி, "யார் மேற்பார்வை செய்வது?" என்பது. பிள்ளைகள் கூடினால் குழப்பம் விளையும். ஆதலால் பொறுப்பாளர் வேண்டும், கால அட்டவணை வேண்டும், வாயிலிலே விதிகள் எழுதிய பலகை வேண்டும் என்பர்.

இவ்விரு கேள்விகளுக்கும் பிறர் கூறாத விடை கூறிய நிலையம் ஒன்று, 1935-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் தென்கிழக்கே பெக்கம் என்னும் பகுதியில் திறக்கப்பட்டது. போரினால் இடையே மூடப்பட்ட ஆண்டுகளை நீக்கினால், அது இயங்கிய காலம் ஒரு பத்தாண்டும் நிறையாது. எனினும், கல்வியாளரும் மருத்துவரும் கட்டடக் கலைஞரும் அதனை இன்றளவும் எடுத்துப் பேசுகின்றனர். பேசுவோருள் சிலர், கட்டுப்பாடே இல்லாமல் ஒழுங்கு தோன்றியதற்கு அதுவே சான்று என்பர். வேறு சிலர், நிலைத்து நில்லாத ஒன்று நல்ல முயற்சி ஆகாது என்பர். இவ்விரு கூற்றுகளும் எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத் தக்கது.

தோற்றம்

ஜார்ஜ் ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்னும் மருத்துவர் இருவரே இந்நிலையத்தை நிறுவியவர்கள். நோயைப் பற்றி மருத்துவ உலகம் நிரம்பக் கற்றுள்ளது. உடல்நலத்தைப் பற்றி என்ன கற்றுள்ளது? நோயாளி மருத்துவரிடம் வருகிறான், நலமாயிருப்பவன் வருவதில்லை. அங்ஙனமாயின் நலம் இன்னது என்பதை யாரிடம் கண்டறிவது? இவ்வினாவிலிருந்தே அவர்கள் முயற்சி பிறந்தது.

1926-இல் பெக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் அவர்கள் பணியைத் தொடங்கினர். தனி மனிதரைச் சேர்க்கவில்லை. குடும்பங்களையே உறுப்பினராகச் சேர்த்தனர். தாய், தந்தை, பிள்ளைகள் அனைவரையும் முழுமையாகச் சோதித்து, கண்டவற்றை அக்குடும்பத்தாரிடமே எடுத்துரைத்தனர். நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் சேர்ந்தன. ஆயினும் மூன்றாண்டு அனுபவம் அவர்களுக்கு ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது. குறையைக் கண்டு நீக்கினாலும், மக்கள் மீண்டும் அதே வாழ்க்கைக்கே திரும்பினர். பகலெல்லாம் வேலை, மாலையில் நான்கு சுவர், பக்கத்து வீட்டார் பெயரும் தெரியாத தெரு. மணமான இளம் பெண் தன் தாய்வீட்டை விட்டு வந்தபின் பேசுவதற்கு ஆளின்றி வாடினாள். மருந்தினால் தீராத குறை இது. மக்கள் கூடவும், உடலை இயக்கவும், புதியன பழகவும் ஓர் இடம் வேண்டும் என்பதை உணர்ந்து, 1929-இல் அவ்வீட்டை மூடிவிட்டுப் பொருள் திரட்டத் தொடங்கினர்.

இம்முறை அவர்கள் கட்ட எண்ணியது மருத்துவமனையன்று. ஏறத்தாழ 2,000 குடும்பங்கள் வந்து பழகத்தக்க ஒரு பொழுதுபோக்கு நிலையம். அருகில் வாழும் குடும்பங்களே சேரலாம்; குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாய் நடந்து வரக்கூடிய தொலைவே எல்லை. குடும்பம் ஒன்றுக்கு வாரக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனோடு, குறித்த கால இடைவெளியில் குடும்பத்தார் அனைவரும் மருத்துவச் சோதனைக்கு உடன்பட வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

கட்டடமும் வசதிகளும்

கட்டடத்தை வரைந்தவர் ஓவன் வில்லியம்ஸ் என்னும் பொறியாளர். வெம்பிளியில் 1934-இல் எழுந்த பெரிய நீச்சல் அரங்கமும் அவர் கைவண்ணமே. பெக்கத்தில் அவர் கான்கிரீட்டும் கண்ணாடியும் கொண்டு மூன்று தளங்கள் எழுப்பினார். நடுவே நீச்சற் குளம். இரு புறமும் உடற்பயிற்சிக் கூடமும் நாடக அரங்கும். கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பிடம். இடைத்தளத்தில் சிற்றுண்டிச் சாலையும் நீண்ட கூடமும். மேல்தளத்தில் நூலகமும், அமைதியான ஆட்டங்களுக்கான இடங்களும், மருத்துவச் சோதனை அறைகளும் ஆய்வுக்கூடமும். முகப்பின் சன்னல்களை மடித்துத் திறந்தால் காற்றும் வெளிச்சமும் தடையின்றி உள்ளே வரும். வெறுங்காலோடு நடப்பதற்கு ஏற்பத் தரையில் தக்கை பதித்திருந்தனர். தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல பாலும் காய்கறியும் கிடைப்பதற்காகப் புரோம்லிப் பகுதியில் ஒரு பண்ணையையும் நடத்தினர்.

பட்டியல் என்ற அளவில் இவை வியப்பிற்குரியன அல்ல. செல்வம் மிக்க நகராட்சி எதுவும் இவற்றைக் கட்டிவிட முடியும். பெக்கத்தின் சிறப்பு இவற்றை இணைத்த முறையிலே இருந்தது. குளத்தைச் சுற்றியிருந்த சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. சிற்றுண்டிச் சாலையில் தேநீர் அருந்துவோர் நீந்துவோரைக் காணலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் நிகழ்வதையும் புறத்தே நின்று பார்க்கலாம். மூடிய கதவுக்குப் பின்னால் நிகழ்ந்தது மிகக் குறைவு.

இது வெறும் அழகுக்காகச் செய்ததன்று. அறிவிப்புப் பலகையைப் படித்து ஆர்வம் கொள்வோர் சிலரே. பிறர் செய்வதைக் கண்டு தாமும் செய்ய விழைவோர் பலர் என்பது நிறுவியோர் கருத்து. அதிலும் நுட்பம் ஒன்று உண்டு. தேர்ந்த வீரன் நீந்துவதைக் காணும் நாற்பது வயதுப் பெண், கைதட்டிவிட்டு அமர்ந்திருப்பாள். தன்னை ஒத்த வயதினள் ஒருத்தி தட்டுத் தடுமாறி நீந்தக் கற்பதைக் கண்டாலோ, "இது என்னாலும் ஆகும்" என்று எழுவாள். ஆதலால் அந்நிலையத்தார் வல்லுநர்களை முன்னிறுத்துவதைத் தவிர்த்தனர். சிற்றுண்டிச் சாலையில் பரிமாறுவோரையும் வைக்கவில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே எடுத்துக்கொள்வது சிக்கனத்திற்காக மட்டுமன்று. எழுந்து நடப்பவர் நாலுபேரைச் சந்திப்பார் என்பதற்காகவும் ஆகும்.

பிள்ளைகள் கற்பித்த பாடம்

ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி இதுவே. நிலையம் திறந்த புதிதில் பிள்ளைகள் கூட்டமாக வந்து மாடிப்படிகளில் ஓடினர், கூச்சலிட்டனர், பொருள்களைச் சேதப்படுத்தினர். பெரியவர்கள் முகம் சுளித்தனர். கண்டிப்பான ஒருவரை அமர்த்திப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே எவர்க்கும் தோன்றும் தீர்வு. ஸ்காட் வில்லியம்சன் அதற்கு இசையவில்லை. அப்பொறுப்பிலிருந்த லூசி குரோக்கர் என்னும் அம்மையார் பிள்ளைகளை அடக்குவதை விடுத்து, அவர்கள் ஏன் அவ்வாறு நடக்கின்றனர் என்பதைக் கவனிக்கலானார். செய்வதற்கு ஒன்றும் கைக்கு எட்டாத பிள்ளைதான் படியில் ஓடுகிறது என்பதை அவர் கண்டார்.

அதன்பின் ஓர் எளிய ஏற்பாடு வந்தது. நீந்த விரும்பும் பிள்ளையும், உருளைச் சறுக்குக் காலணி வேண்டும் பிள்ளையும், தன் விருப்பத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பணியாளர் ஒருவரின் கையொப்பம் பெற வேண்டும். சீட்டைக் கொடுத்தால் கருவி கிடைக்கும், இடம் திறக்கும். வகுப்பு இல்லை, குழு இல்லை, மணி அடிப்பதும் இல்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் பிள்ளைகள் கயிற்றில் ஏறினர், தாவினர், தொங்கினர். பயிற்றுவோர் அங்கே நின்று ஆணையிடவில்லை. சிறியவன் பெரியவனைக் கண்டு தன் அளவறிந்து தாவினான். பெரியவன் சிறியவன் மேல் மோதாமல் விலகினான். ஓராண்டிற்குள் கூச்சலும் சேதமும் பெரிதும் தணிந்தன. பியர்ஸ் அம்மையாரும் குரோக்கர் அம்மையாரும் சேர்ந்து 1943-இல் வெளியிட்ட நூல் இம்முயற்சியை உலகறியச் செய்தது.

இதனைக் கொண்டு, "கட்டுப்பாட்டை நீக்கினால் ஒழுங்கு தானே மலரும்" என்று முடிவு கட்டுவோர் உளர். அம்முடிவு சரியன்று. பெக்கத்தில் கட்டுப்பாடு மறையவில்லை, இடம் மாறியது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் தாயும் தந்தையும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். எந்தப் பிள்ளையும் பார்ப்பாரின்றித் தனித்து விடப்படவில்லை. கையொப்பம் இடும் பெரியவர் ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு சொல்லேனும் பேச வேண்டியிருந்தது. சேர்ந்த சீட்டுகளைப் பார்த்தால், எந்தப் பிள்ளை எதைச் செய்கிறது, எது ஒன்றும் செய்யாமல் ஒதுங்கி நிற்கிறது என்பது விளங்கியது. அதட்டும் குரலுக்குரிய வேலையைக் கட்டட அமைப்பும் கவனிக்கும் கண்ணும் ஏற்றுக்கொண்டன. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு ஆசிரியர் அறையில் அமர்ந்திருப்பதற்குப் பெக்கத்தைச் சான்று காட்டுவது பொருந்தாது. ஆணையிடுவதைக் காட்டிலும் கவனிப்பது கடினமான வேலை.

குறைகள்

புகழ்வோர் சொல்லாமல் விடுவன சில உள. முதலாவது, பெக்கம் வறியோர் சேரி அன்று. கைத்தொழிலாளர், எழுத்தர், சிறு கடைக்காரர் ஆகியோர் வாழ்ந்த பகுதியையே நிறுவியோர் எண்ணித் தேர்ந்தனர். வறுமையின் கேடுகள் ஆராய்ச்சியில் கலந்துவிடக் கூடாது என்பது அவர்கள் நோக்கம். அவர்களிடையிலேயே, சோதிக்கப்பட்டோருள் பத்தில் ஒருவருக்கும் குறைவானவரே எவ்விதக் குறையுமின்றி இருந்தனர். பெண்கள் பலரின் இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு காணப்பட்டது. நடுத்தர நிலையினரிடம் இந்நிலை என்றால், வேலையற்றோர் தெருவில் எந்நிலை இருந்திருக்கும்? வாரம் ஒரு ஷில்லிங் கொடுக்க இயலாத வீட்டுக்கு இந்நிலையத்தில் விடை இல்லை.

இரண்டாவது, குடும்பமே உறுப்பு என்ற விதி. அதற்குரிய காரணம் வலுவானதே. ஆயினும், துணையின்றித் தனித்து வாழ்பவரே தோழமைக்கு மிகவும் ஏங்குபவர் அல்லரோ? அவருக்கு அக்கதவு திறக்கவில்லை. ஒரு தெருவின் தனிமையைத் தீர்க்க வந்த நிலையம், அத்தெருவிலேயே மிகத் தனித்திருந்தவரைப் புறத்தே நிறுத்தியது.

மூன்றாவது குறையே பெரிது. 1939-இல் போர் மூண்டதும் நிலையம் மூடப்பட்டது. கட்டடம் போர்த் தளவாடத் தொழிற்சாலை ஆயிற்று. போர் முடிந்ததும் பழைய உறுப்பினர்களே மீண்டும் திறக்க வேண்டும் என்று முன்வந்து உழைத்தனர். 1946-இல் நிலையம் மறுபடியும் இயங்கியது. ஒரு நிலையத்திற்கு இதைவிடச் சிறந்த நற்சான்று வேறு இல்லை. ஆனால் உறுப்பினர் கட்டணம் செலவுக்குப் போதவில்லை. நன்கொடையை நம்பியே வாழ வேண்டியிருந்தது. 1948-இல் பிரிட்டனில் தேசிய நலச் சேவை தோன்றியது. அதனோடு பெக்கத்தை இணைக்க இயலாது என்றனர். கூறப்பட்ட காரணங்கள் ஐந்து: அது நோய்க்கு மருத்துவம் செய்யவில்லை, நலத்தையே ஆராய்ந்தது, அனைவர்க்கும் திறந்ததன்று, குடும்பங்களுக்கே உரியது, இலவசமன்று, கட்டணம் பெற்றது, அரசின் நிருவாக அமைப்புக்குள் அடங்காமல் தனித்து இயங்கியது. 1950-இல் கதவு மூடப்பட்டது.

அரசின் அளவுகோல் குறுகியது என்பதில் ஐயமில்லை. நோயாளிக்கு ஒரு கட்டில் என்று எண்ணத் தெரிந்தவர்க்கு, நோயாளி ஆகாமல் இருப்பவரை எண்ணத் தெரியவில்லை. ஆயினும் பழி முழுவதையும் அரசின்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. எட்டு வயதுப் பிள்ளை தன் அளவறிந்து தாவும் என்று நம்பிய நிறுவியோர், அப்பிள்ளையின் தந்தை கணக்கேட்டைப் பார்த்து நிலையத்தை நடத்துவான் என்பதை அதே அளவு நம்பினரா? ஆராய்ச்சியும் நிதியும் நிறுவியோர் பொறுப்பாகவே இருந்தன. உறுப்பினர்க்குக் குளமும் கூடமும் இருந்தன, சாவி இல்லை. ஆகவே நிதி வற்றிய நாளில், பல நூறு குடும்பங்களின் அன்பு அந்நிலையத்தைக் காக்கும் ஆற்றலாக மாறவில்லை.

முடிவு

கட்டடம் இடிக்கப்படவில்லை. இலண்டன் மாவட்ட மன்றத்தின் கைக்கு மாறிப் பின்னர் வேறு பணிகளுக்குப் பயன்பட்டு, இறுதியில் அது தனியார் குடியிருப்பு ஆயிற்று. சிறந்த கட்டடமென அரசின் காப்புப் பட்டியலிலும் இடம் பெற்றுள்ளது. குளம் இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது. வாரம் ஒரு ஷில்லிங் கொடுத்து, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வந்த தாய் அங்கே இல்லை. வசதிகள் எஞ்சி நிற்க, நிலையம் மறைந்தது. வசதிகளின் பட்டியலே நிலையம் ஆகாது என்பதற்கு அக்கட்டடத்தைக் காட்டிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எந்த ஊரிலேனும் பொது மண்டபமோ படிப்பகமோ விளையாட்டுக் களமோ அமைக்க முற்படுவோர், பட்டியலை எழுதுமுன் பெக்கத்தை நினைந்து மூன்று கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ளுதல் நலம். உள்ளே நிகழ்வது புறத்தே நிற்கும் கூச்சமுடையவன் கண்ணுக்குத் தெரியுமா? வரும் பிள்ளை தானே எடுத்துச் செய்யத்தக்க பொருள் அதன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? அமைத்தவர் விலகிச் சென்ற மறுநாள் கதவைத் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கும்? முதலிரு கேள்விகளுக்குப் பெக்கம் நல்ல விடை அளித்தது. மூன்றாவது கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. அதனால்தான் அதன் கதையை இறந்த காலத்தில் எழுத வேண்டியிருக்கிறது.