கொள்ளைநோயும் குழந்தை நெஞ்சும்: மக்ஸ்வெல்லின் நாவலொன்றை முன்வைத்துச் சில கருத்துக்கள்

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் எண்களைக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. இத்தனை பேர் நோயுற்றனர், இத்தனை பேர் மாண்டனர், இத்தனை நாட்கள் கடைகளும் பாடசாலைகளும் மூடப்பட்டுக் கிடந்தன என்று ஏடுகள் கூறும். இக்கணக்கு இன்றியமையாதது. ஆயினும், நோய் வந்துபோன வீட்டிலே எஞ்சி நிற்கும் சிறுவனின் நெஞ்சில் நிகழ்ந்தது யாது என்னும் வினாவுக்கு அவ்வேடுகளில் விடை கிடையாது. அவ்விடையைத் தேடும் பொறுப்பு ஆக்க இலக்கியத்தைச் சார்ந்தது. அப்பொறுப்பை நேர்மையோடு ஏற்றுக்கொண்ட நாவல்களுள் ஒன்று, அமெரிக்க எழுத்தாளரான வில்லியம் மக்ஸ்வெல் 1937இல் வெளியிட்ட 'தே கேம் லைக் சுவாலோஸ்' என்பதாகும். கொவிட் பெருந்தொற்றைக் கடந்து வந்துள்ள நாம் இந்நாவலை மீண்டும் படிக்கும்போது, அதன் பெருமையும் குறைபாடும் ஒருங்கே புலனாகின்றன. இரண்டையும் பகுத்துக் காண்பதே எமது நோக்கம்.

முதலிலே நாவலின் பின்புலத்தை நோக்குவோம். 1918ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சாக் காய்ச்சல் ஏறத்தாழ 5 கோடி மக்களைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6,75,000 பேர் மாண்டனர். வழமையான காய்ச்சல் முதியோரையும் கைக்குழந்தைகளையுமே பெரிதும் வருத்தும். இக்காய்ச்சலோ இருபது முதல் நாற்பது வயதுக்குட்பட்டோரையும் கருவுற்ற தாய்மாரையும் பெருந்தொகையாகக் கொன்றது. வேறு விதமாகக் கூறினால், வளரும் பிள்ளைகளின் பெற்றோரையே அது தேடிச் சென்றது. தாயற்ற வீடுகளும் தந்தையற்ற வீடுகளும் அதன் உடனடி விளைவுகளாயின.

இத்துணைப் பெரிய அழிவைப் பற்றி இலக்கியம் நெடுங்காலம் மௌனமாக இருந்தது. முதலாம் உலகப் போரைப் பற்றிய கவிதைகளும் நாவல்களும் பெருகிய அதே காலத்திலே, போரிலும் அதிகமானோரைக் கொன்ற காய்ச்சலைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. போர்க்களத்தில் மாண்டவனின் சாவுக்கு அரசும் தேவாலயமும் பத்திரிகையும் ஒரு பொருளைக் கற்பித்துக் கொடுத்தன. படுக்கையிலே மூச்சுத்திணறி மாண்ட தாயின் சாவுக்கு அத்தகைய பொருள் எதுவும் கற்பிக்கப்படவில்லை. கதரின் ஆன் போட்டர் அக்காய்ச்சலைக் கருவாகக் கொண்ட தமது குறுநாவலை வெளியிட்டது 1939இல். இந்திக் கவிஞர் நிராலா அதே காய்ச்சலில் தம் மனைவியையும் உறவினர் பலரையும் பறிகொடுத்தவர். அவரும் ஏறத்தாழ இரு தசாப்தங்களின் பின்னரே அவ்விழப்பைத் தமது உரைநடையிலே விரிவாகப் பதிந்தார். மக்ஸ்வெல்லின் நாவலும் அத்தகைய இடைவெளியின் பின்னர் எழுந்ததே.

மக்ஸ்வெல் 1908இல் இலினோய் மாநிலத்து லிங்கன் என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவர் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1919 ஜனவரியிலே, அவருடைய தாய் ஒரு மகவை ஈன்றபின் இன்புளுவென்சாவினால் இறந்தார். இவ்விழப்பே நாவலின் கரு. ஆயினும், எழுத்தாளர் தம் துயரைத் தாமே பாடும் புலம்பலாக நாவலை அமைக்கவில்லை. மொரிசன் குடும்பம் என்னும் மத்தியதர வர்க்கக் குடும்பமொன்றைப் படைத்து, அதனை மூன்று பேரின் நோக்கிலே மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறார். முதற் பகுதி எட்டு வயதுப் பன்னியின் நோக்கிலும், இரண்டாம் பகுதி அவனுடைய பதின்மூன்று வயது அண்ணன் றொபேட்டின் நோக்கிலும், மூன்றாம் பகுதி தந்தை ஜேம்ஸின் நோக்கிலும் அமைந்துள்ளன. தாய் எலிசபெத்துக்கு மட்டும் தனிப் பகுதி இல்லை. மூவரும் அவளைப் பார்க்கின்றனர், அவளுக்காக ஏங்குகின்றனர். அவள் இல்லாது போகும்போதுதான் அவ்வீட்டைத் தாங்கி நின்ற தூண் எதுவென்பது அவர்களுக்கும் எமக்கும் விளங்குகிறது.

இவ்வுருவ அமைப்பு வெறும் உத்தி விளையாட்டு அன்று என்பது மனங்கொள்ளத் தக்கது. ஒரே கூரையின்கீழ் வாழும் மூவர், ஒரே இழப்பை மூன்று தனி அறைகளிலே இருந்து அனுபவிக்கின்றனர் என்னும் உண்மையை நாவலின் பகுப்பே எடுத்துரைக்கிறது. போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டு ஊரே ஆரவாரிக்கும் வேளையில் பன்னி காய்ச்சலில் விழுகிறான். கருவுற்றிருக்கும் தாயை நோயறைக்குள் நுழையவிடாது காக்கும் பொறுப்பு றொபேட்டின்மீது சுமத்தப்படுகிறது. குருவியொன்று அவ்வறைக்குள் புகுந்துவிட்ட குழப்பத்திலே தாய் உள்ளே சென்றுவிடுகிறாள். பின்னர், பிரசவத்துக்காக வேற்றூர் வைத்தியசாலைக்குச் சென்ற தாயும் தந்தையும் அங்கு நோயுறுகின்றனர். தந்தை பிழைக்கிறார், பிறந்த குழந்தையும் பிழைக்கிறது, தாய் இறக்கிறாள். தான் காவல் தவறியதனாலேயே தாய் மாண்டாள் என்று றொபேட் நம்புகிறான். நெரிசல் மிகுந்த புகைவண்டியிலே அவளை ஏற்றிச் சென்றமையே காரணம் என்று தந்தை தம்மையே நொந்துகொள்கிறார். மகனின் குற்றவுணர்வு தந்தைக்குத் தெரியாது. தந்தையின் குற்றவுணர்வு மகனுக்குத் தெரியாது.

இவ்விடத்திலே நாவலாசிரியரின் நோக்கு உளவியலாளரின் நோக்கை முந்திச் செல்கிறது. சிறு பிள்ளைகள் தம்மைச் சூழ நிகழும் தீங்குகளுக்குத் தாமே காரணர் என்று எளிதிலே நம்பிவிடுவர். உண்மை கூறப்படாதவிடத்து, அவ்வெற்றிடத்தைக் கற்பனையைக் கொண்டு நிரப்புவர். அக்கற்பனை உண்மையினும் கொடியதாக இருத்தல் கூடும். ஆங்கில உளநோய் மருத்துவரான ஜோன் போல்பி 1980இல் வெளியிட்ட 'இழப்பு' என்னும் நூலிலே, பெற்றோரை இழந்த பிள்ளை தேறிவருவதற்கு வேண்டிய நிலைமைகளை எடுத்துக் கூறினார். நிகழ்ந்ததைப் பிள்ளைக்குத் தாமதமின்றியும் மெய்யாகவும் அறிவித்தல் வேண்டும். அது விரும்பும் கேள்விகளையெல்லாம் கேட்க இடமளித்தல் வேண்டும். குடும்பத்தின் துக்கச் சடங்குகளிலே அதற்கும் பங்கு கொடுத்தல் வேண்டும். எஞ்சியுள்ள பெற்றோரின் அணைப்பு, அஃது இயலாவிடின் நம்பிக்கைக்குரிய இன்னொருவரின் அணைப்பு, தொடர்ந்து கிடைத்தல் வேண்டும். இவை நிறைவேறாத வீட்டிலே என்ன நிகழும் என்பதை நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் முன்னரே மக்ஸ்வெல் எழுதிக் காட்டிவிட்டார். அக்காயம் எளிதில் ஆறுவதன்று என்பதற்கு அவருடைய எழுத்து வாழ்வே சான்று. 1980இல் நூலாக வந்த 'சோ லோங், சீ யூ டுமாரோ' என்னும் நாவலிலும், முதுமை எய்திய கதைசொல்லி தன் தாயின் சாவுக்கும், இரவிலே வீட்டினுள் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்த தந்தையின் நினைவுக்குமே திரும்பி வருகிறான்.

கொள்ளைநோய் இலக்கியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் அல்பேர் கம்யூவின் 'கொள்ளைநோய்' (1947) நாவலுடன் இதனை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். அந்நாவலிலே நீதிபதி ஒத்தோனின் சிறுமகன் நெடுநேரம் துடிதுடித்து இறக்கிறான். தந்தை தனிமைப்படுத்தல் முகாமிலே அடைபட்டிருக்கிறார், தாயும் உடனில்லை. வைத்தியரும் பாதிரியாரும் ஏனையோரும் சூழ்ந்து நிற்க அவன் மாள்கிறான். அதன் பின்னர், குற்றமற்ற குழந்தையின் துன்பத்தை இறைவன் எங்ஙனம் அனுமதித்தான் என்று வைத்தியரும் பாதிரியாரும் வாதிடுகின்றனர். வாதம் ஆழமானதே. ஆயினும், அச்சிறுவன் என்ன எண்ணினான், யாரைத் தேடினான் என்பது எமக்குத் தெரியவருவதில்லை. பெரியோரின் தத்துவத்துக்கு அவன் ஒரு சான்றாகிவிடுகிறான். மக்ஸ்வெல்லின் நாவலிலோ குழந்தை பிழைத்திருக்கிறது. பிழைத்திருப்பதே அதன் துன்பமாகிறது. கம்யூ எழுப்பிய வினாவைவிட எளிமையானதும் கடினமானதுமான வினா இங்கு எழுகின்றது: நாளைக் காலையில் இப்பிள்ளையை எழுப்பி உணவூட்டி, அதன் கேள்விகளுக்கு விடை கூறப்போவது யார்?

இவ்வளவும் நாவலின் சிறப்பு. இனி அதன் எல்லையைக் கூறவேண்டும். மொரிசன் வீட்டின் வேலிக்கு அப்பால் மக்ஸ்வெல்லின் பார்வை அதிகம் செல்வதில்லை. வேற்றூர் வைத்தியசாலைக்குச் செல்வதற்கு அக்குடும்பத்திடம் பணம் இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உறவினர் வீடு இருந்தது. அவ்வீட்டிலே வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு நோய் வந்தபோது என்ன நேர்ந்தது என்று நாவல் கேட்பதில்லை. இதனினும் முக்கியமானது இன்னொன்று. காய்ச்சலை விரைந்து பரப்பியவை நெரிசல் மிகுந்த இராணுவ முகாம்களும் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுமாகும். 1918 செப்டெம்பர் 28ஆந் திகதி பிலடெல்பியா நகரில், வைத்தியர்களின் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது, போர்க்கடன் திரட்டும் ஊர்வலம் நடத்தப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் பேர் கூடினர். சில நாட்களுள் அந்நகரின் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்தன. மக்களின் உயிரிலும் போரையே பெரிதாக மதித்த ஆளும் வர்க்கம் இதற்குப் பொறுப்பேற்கவில்லை. பொறுப்பேற்றவன் யார்? ஒரு கதவைக் காக்கத் தவறியதாக எண்ணிக் கலங்கும் பதின்மூன்று வயதுச் சிறுவன்! சமுதாயம் ஏற்க மறுத்த சுமை பிள்ளையின் தோளிலே இறங்கியிருப்பதை மக்ஸ்வெல் கண்டார். சுமை யாருடையது என்று கேட்க அவர் முற்படவில்லை. தனிமனித உள்ளத்தை நுணுகி நோக்கும் யதார்த்தவாதம், அவ்வுள்ளத்தை உருவாக்கும் சமுதாயத்தை விட்டுவிடும்போது நேரும் குறைபாடு இதுவேயாகும்.

இவ்வினா எமக்குப் புறம்பானதன்று. கொவிட் காலத்திலே, 2020 மார்ச் முதல் 2021 ஏப்ரல் வரையிலான பதினான்கு மாதங்களில், உலகெங்கும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தாயையோ தந்தையையோ தம்மை வளர்த்த பேரன் பேர்த்தியரையோ இழந்தனர் என 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1918இன் நோய் இளம் பெற்றோரைக் கொன்றது. இந்நோய் முதியோரை அதிகமாகக் கொன்றது. "அம்மம்மாவுக்குக் கிட்டப் போகாதே, உன்னால் அவவுக்கு வருத்தம் வந்துவிடும்" என்று எத்தனை வீடுகளிலே பிள்ளைகளுக்குக் கூறப்பட்டது! அறிவுரை தேவையானதே. ஆயின், அம்மம்மா இறந்த வீட்டிலே அச்சொற்கள் பிள்ளையின் செவியில் எங்ஙனம் எதிரொலித்திருக்கும்? றொபேட்டின் கதவு அங்கெல்லாம் இருந்தது. 2020 மார்ச் நடுப்பகுதியிலே எமது பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டில் கூற முடியாததைக் கூறுவதற்குப் பிள்ளைகளுக்கு இருந்த ஆசிரியரும் தோழரும் அகன்றனர். தொலைபேசி வாங்க வழியற்ற குடும்பங்களின் பிள்ளைகள் பாடத்தை மட்டுமன்றி அவ்வுறவையும் இழந்தனர்.

துக்கத்திலே பிள்ளைக்குப் பங்கு வேண்டும் என்றார் போல்பி. எமது நாட்டிலே அரசு முழுக் குடும்பங்களுக்கும் அப்பங்கை மறுத்தது. நோயினால் இறந்தோரைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரலிலே தகனம் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் மக்கள் தம் சமயக் கடமைக்கு மாறாகத் தம் உறவினர் எரியூட்டப்படுவதைத் தடுக்க முடியாது நின்றனர். 2020 டிசம்பரிலே, பிறந்து இருபது நாட்களேயான சிசுவொன்றின் உடல் பெற்றோரின் சம்மதமின்றியே தகனம் செய்யப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அக்குடும்பங்களிலே வளரும் பிள்ளைகளின் மனநலத்தை வெறும் மருந்தாலும் ஆறுதல் மொழியாலும் பேணிவிட முடியுமா? அவர்களுக்கு இழைக்கப்பட்டது அநீதி. அநீதியை அநீதி என்று கூறுவதும் அம்மருத்துவத்தின் ஒரு பகுதியே.

ஆதலின், மக்ஸ்வெல்லின் நாவல் எமக்கு இருவகையிலே பயன்படுகின்றது. பிள்ளையின் மௌனத்தைக் கேட்பது எப்படி என்பதை அது கற்பிக்கின்றது. ஒவ்வோர் ஆசிரியரும் அதனைப் படித்தல் நன்று. எவ்விடத்திலே அது நின்றுவிட்டதோ, அவ்விடத்திலிருந்து நாம் தொடங்கவேண்டும் என்பதையும் அது உணர்த்துகின்றது. ஈழத்து எழுத்தாளர் அப்பெருந்தொற்றைப் பற்றி இனி எழுதும்போது, வீட்டினுள்ளே அழும் பிள்ளையையும், அவ்வீட்டுக்கு வெளியே தீர்மானம் எடுத்தோரையும் ஒரே கதையில் நிறுத்துவார்களாக. "இது உன் குற்றம் அன்று" என்று ஒரு பிள்ளைக்குக் கூறுவது அன்பின் கடமை. அது எவருடைய குற்றம் என்று அப்பிள்ளை வளர்ந்து கேட்கும்போது, விடையோடு நிற்க வேண்டியது இலக்கியத்தின் கடமையாகும்.