மாவு தீருமிடம்

மயிலாப்பூர் விழா நாட்களில் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் காலைக் கச்சேரி கேட்கப் போகிற நண்பர்கள் எனக்கு உண்டு. யார் பாடினார்கள், பைரவி எப்படி விழுந்தது, மிருதங்கம் எங்கே ஒதுங்கி வாசித்தது என்று துல்லியமாகச் சொல்வார்கள். அவர்களே அன்று பிற்பகல் வடக்கு மாட வீதியில் கோலம் போடும் நிகழ்ச்சிக்குப் பொழுது சாய்ந்த பிறகுதான் வந்து சேருகிறார்கள். அதற்குள் கோலங்கள் முடிந்து, போட்டவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். நண்பர்கள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, நாலைந்தைப் படம் எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள். மங்களம் பாடும்போது வந்து உட்காருகிறவரை ரசிகர் என்று அவர்கள் ஒப்புக்கொள்வார்களா? கோலத்தைப் போடும்போது பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

இதே நான்கு மாட வீதிகளில்தான் பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு சுற்றி வந்தார். பாட்டும் கோலமும் இந்தத் தெருக்களில் ஒரே வேளையில் கண்விழித்தவை. விழா அன்றைக்கு வண்டிகளை நிறுத்திவிட்டு, தெருவைச் சாக்பீஸால் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். சாணம் தெளித்த மண்வாசல் வேறு, தார் ரோடு வேறு. மெழுகின மண்ணில் மாவு விழுந்த இடத்தில் அப்படியே படுத்துக்கொள்ளும். தாரில் ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவே இறங்கிவிடும். மெல்லியதாகப் போட்டால் நாலடி தள்ளி நிற்கிறவருக்கு வெறும் தூவலாகத் தெரியும். தடித்துப் போட்டால் சிக்குக் கோலத்தின் வளைவுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். போதாததற்குப் பிற்பகலில் கடற்காற்று எழும்பும். அரிசி மாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று வைராக்கியமாக வந்தவர்கள் அந்தக் காற்றில் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். கல்மாவு காற்றுக்கு அசையாது, ஆனால் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஓடும்.

ஆறு வருஷமாக நான் ஒரே ஒருவரைப் பார்க்கத்தான் போகிறேன். பெயரைக் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். சுங்குடிப் புடவை, இடுப்பில் செருகின முந்தானை, எவர்சில்வர் டப்பாவில் கல்மாவும் அரிசி மாவும் கலந்து தானே சலித்துக்கொண்டு வந்த மாவு. பக்கத்துக் கட்டங்களில் இடுக்குப்புள்ளி 15-க்கு 8 என்று 169 புள்ளி வைத்து, பூவும் மயிலுமாகத் தொடுத்துக்கொண்டிருப்பார்கள். இவர் வைப்பது நேர்ப்புள்ளி, 15 தொடங்கி ஒன்றில் நிறுத்துவது. மொத்தம் 113 புள்ளி. நடு வரிசையை வைத்து முடித்ததும் ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். அதற்கப்புறம் கோலம் முடிகிறவரை நிமிர்வது கிடையாது.

புள்ளிக்கும் அதைச் சுற்றி வரும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதில்தான் நன்றாகப் போடுகிறவர்களே சறுக்குகிறார்கள். ஓரத்தில் நெருக்கிவிட்டு நடுவில் அகலப் போய்விடும். இவருடைய 113 புள்ளிகளும் தத்தம் அறைக்கு நட்டநடுவில் இருக்கும். கண்ணளவைவிடக் காலப்பிரமாணம்தான் அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வளைவில் தயங்கி நேரில் ஓடுவது பெரும்பாலான கைகளுக்கு இயல்பு. தயங்கின இடத்தில் மாவு குவியும், ஓடின இடத்தில் இளைக்கும். இவர் கைக்குச் சுழியிலும் நேரிலும் ஒரே நடைதான். கோயிலில் மாலைப் பூஜைக்குத் தவில் உருட்ட ஆரம்பித்ததும் சுற்றியுள்ள கைகளெல்லாம் தம்மையறியாமல் வேகம் பிடிப்பதைப் பார்க்கலாம். இவர் கை சவுக்க காலத்தை விட்டு அசையாது.

ஆனால் என்னை அந்தக் கட்டத்தின் ஓரத்திலேயே கட்டிப்போட்டிருப்பது ஒட்டு. ஒரு பிடி மாவு எங்கேயாவது தீர்ந்துதான் ஆகவேண்டும். கை டப்பாவுக்குப் போய், மறுபிடி எடுத்துக்கொண்டு வந்து, விட்ட இடத்தைத் தொடவேண்டும். அழுத்தித் தொட்டால் அங்கே கம்பி பருத்து முடிச்சு மாதிரி நிற்கும். பயந்து தொட்டால் இழை விட்டுப்போகும். எவர் போட்ட கோலத்தையும் குனிந்து பார்த்தால் இந்த முடிச்சுகளை எண்ணிவிடலாம். இவர் கோலத்தில் இரண்டு வருஷம் தேடினேன், அகப்படவில்லை. மூன்றாம் வருஷம் கோலத்தை விட்டுவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியும் கம்பியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் அந்தக் கை எழும்புகிறது. இன்னும் சற்று நேரத்தில் வேறொரு கம்பி அதே இடத்தின் மேலேறிப் போகப்போகிறது. ஒட்டு அதற்கடியில் போய்விடும்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை இசைத்தட்டில் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மூச்சு எடுக்காமல் நாகஸ்வரம் இல்லை. அவர் எங்கே எடுத்தார் என்பதுதான் நம் காதுக்கு எட்டுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் துணிந்து கேட்டேவிட்டேன். “ஏம்மா, கம்பி குறுக்க போற எடத்துல மட்டும் நிறுத்தி மாவு எடுக்கறீங்களே, யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

அவர் தலை தூக்கவில்லை. “நா எங்க சார் நிறுத்தறேன்? மாவு அங்கதான தீருது” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதே பேச்சுத்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த சந்திப்புவரை எவ்வளவு மாவு வேண்டுமோ அவ்வளவைத்தான் அந்த விரல்கள் கிள்ளி எடுக்கின்றன. ஒரு சிட்டிகை கூடுதலில்லை, குறைவில்லை. அவருக்கே தெரியாமல் அத்தனை வருஷத்து மார்கழியும் அந்த மூன்று விரல்களுக்குள் உட்கார்ந்துகொண்டு அளந்து தருகிறது.

ஒற்றைக் கம்பிக் கட்சிக்காரர்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. தொடங்கின இடத்துக்கே ஒரே ஓட்டமாக வந்து சேர்ந்தால்தான் சிக்குக் கோலம் என்பார்கள். ஹிருதய கமலத்தை எடுத்துக்காட்டுவார்கள். எட்டு இதழ், இதழுக்கு ஐந்து புள்ளி, எல்லாம் ஒரே கம்பி. அதன் அழகை நான் எப்போதும் மறுத்ததில்லை. ஆனால் ஒற்றைக் கம்பி என்பது வடிவத்தின் பெருமை. எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி கண்டுபிடித்து நமக்கு விட்டுப்போனது. மனப்பாடம் செய்த எவரும் அதைப் போட்டுவிடலாம். இந்த அம்மாள் போடுவது மூன்று கம்பி. நல்ல கையின் மூன்று கம்பியும் சுமாரான கையின் ஒற்றைக் கம்பியும் அடுத்தடுத்த வாசலில் இருந்தால், என் கால் மூன்று கம்பியிடம்தான் நிற்கும்.

தாம்பரம் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலத்தின் இலக்கணத்தைக் கணித விதிகளாக எழுதி வெளியிட்டார்கள். வாசலில் குனிந்து போடுவதை அறிவுத் துறையின் விஷயமாகப் பார்த்த அந்தக் கண்ணை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். கம்பி எப்படி வளர்கிறது என்பதற்கு விதி கிடைத்துவிட்டது. மாவு எங்கே தீருகிறது என்பதையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும்.

வண்ணப் பொடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கம்பியின் குறைகளை நிறம் மூடிவிடுகிறது, அதனாலேயே எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. ஓரத்துக்குக் காவி போதும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து, அரிக்கேன் விளக்கைப் படியில் வைத்துவிட்டுக் கோலம் போடுவாள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். கோலத்தில் பாதியைக் கையின் நிழலே மறைத்துவிடும். மறைந்த பாதியையும் அவள் நிதானமாகப் போட்டுக்கொண்டு போவாள். கணக்கு நோட்டின் கட்டம் போட்ட தாள்களில் கோலங்களைக் குறித்து, ஓரத்தில் ‘பொங்கலுக்கு’, ‘எதிர்வீட்டில் பார்த்தது’, ‘அவசரத்துக்கு’ என்று எழுதி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை பூஜையறையில் இழைக்கோலம். ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவில் துணியைத் தோய்த்து, உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தபடி மோதிர விரல் நுனியால் இழுத்துக்கொண்டே போவாள். ஈரமாவில் ஒட்டின் கதையே வேறு. போடும்போது ஒன்றும் தெரியாது. காய்ந்த பிறகு வெளுப்பில் காட்டிக்கொடுத்துவிடும். அத்தை அடுப்பு வேலையை முடித்துவிட்டு, கோலம் காய்ந்திருக்கும் நேரம் பார்த்துத் திரும்பி வருவாள். வாசற்படியில் நின்று ஒரு நிமிஷம் பார்ப்பாள். குறை தென்பட்டால் எவரிடமும் எதுவும் சொல்லமாட்டாள், அடுத்த வெள்ளிக்கிழமை அதே கோலத்தை மறுபடி போடுவாள்.

இன்றைக்குத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயில் மாவை நிரப்பி உருட்டிக்கொண்டு போகிறார்கள். அடுக்குமாடிக் கதவுகளுக்கு முன்னால் ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. குழாய்க் கோலத்தில் ஒட்டே கிடையாதே, அது நல்லதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒட்டை மறைப்பதில்தான் கை இருக்கிறது. ஒட்டே நேராத இடத்தில் கைக்கு என்ன வேலை? நாகஸ்வர மேடையிலும் ஒத்து ஊதுகிறவர் போய்ச் சுருதிப்பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. ஒத்துக்காரர் மூச்சில் இருந்த அந்த லேசான அசைவு போன பிறகுதான் அது அங்கே இருந்ததே தெரிந்தது.

ஒரு குடியிருப்பில் மார்கழிக் கோலப் போட்டி பார்க்கப் போயிருந்தேன். கோலம் போடுகிற நேரம் முழுக்க நடுவர்கள் உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு வெளியே வந்து, பெரியதாக இருந்ததற்கும் நிறம் அதிகமாக இருந்ததற்கும் பரிசை எழுதிவிட்டுப் போனார்கள். கடைசியில் மூலையில் ஒரு சின்னப் பெண், பத்து வயசு இருக்கும். ஏழு புள்ளியில் சிக்குக் கோலம். வளைவுகள் கோணலாகத்தான் இருந்தன. ஆனால் மூன்று இடத்தில், மூன்று இடத்திலும் கம்பி வெட்டும் சந்திப்பில், அந்தக் கை எழும்பி டப்பாவுக்குப் போனதை நான் பார்த்தேன். அவளுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. கச்சேரியின் நடுவில் எழுந்துபோன விமர்சகர் முழுக் கச்சேரிக்கும் தீர்ப்பு எழுதினால் நாம் சும்மா விடுவோமா? கோலத்துக்கு நடுவராக உட்காருகிறவர்கள் முதல் புள்ளியிலிருந்து அங்கே நிற்க வேண்டும். இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன்.

நீங்களும் அடுத்த ஜனவரியில் மதியம் சாப்பிட்ட கையோடு வடக்கு மாட வீதிக்கு வந்துவிடுங்கள். முதல் புள்ளி விழுவதற்கு முன்பே யாராவது ஒருவரைத் தேர்ந்துகொண்டு, கடைசிவரை அவரிடமே நில்லுங்கள். பத்துக் கோலம் பார்க்க வேண்டாம். கை டப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அது எந்த இடத்திலிருந்து எழும்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். அது மேற்கு வெயில் அடிக்கிற நேரம். கட்டத்துக்குக் கிழக்கே நின்றால் உங்கள் நிழல் அவர் மாவின் மேல் விழாது.